இடப்பக்கத்துச் சுவிட்சு

இன்று காலை மாடித் தொட்டிக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயின் இணைப்பு விட்டுப்போய், ஆள் வந்து பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "ஏனுங்க, தலை சுத்துதுங்களா?" என்றான். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடாமல் முகர்ந்த நெடியடா அது.

அப்போது நான் கோயமுத்தூரிலிருந்து புனேக்கு வந்து, போசரியில் ஒரு பம்பு கம்பெனியில் இருந்தேன். நீ கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன், சாங்வியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தாய். புனேயில் எனக்குத் தமிழில் வாய் ஓயாமல் பேசக் கிடைத்த ஒரே ஆள் நீதான். பான்ஷேத் அணைக்கரையில் யாரோ கைவிட்டுப்போன ஃபைபர் படகைப் பிடித்து, துருவேறிய அதன் எஞ்சினை ஓடவைத்தாய். அதோடு சும்மா இருந்தாயா? டிவியில் வேக்போர்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, எனக்கும் அந்தப் பித்தை ஏற்றினாய். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, படகின் பின்னால் கயிறு பிடித்துப் போய், படகு கிளப்பும் அலையில் தாவ வேண்டும். நம் படகோ எடையே இல்லாதது. அது கிளப்பிய அலை முழங்காலுக்குக்கூட வரவில்லை.

"படகு கனமா இருந்தாத்தான்டா அலை எழும்பும். பின்னால தண்ணிப் பை வச்சிப்புடலாம்" என்றாய். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் தடித்த ரெக்சினில் இரண்டு பெரிய பைகள் ஒட்டவைத்தோம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஏரித் தண்ணீரை உள்ளே இழுக்க ஒரு குட்டிப் பம்பு, வெளியே தள்ள ஒரு குட்டிப் பம்பு, ஒரு பைக்கு இரண்டாக நான்கு. குழாய் வேலையும் வயரிங்கும் என் பொறுப்பு; நீ குழாயைப் பிடித்துக்கொள்ள நான் பசை தடவ, மூன்று ஞாயிறு ஓடியது. முதல் தடவை நிரப்பியபோது பைகள் சினை எருமை மாதிரி உப்பிக்கொண்டு கிடந்தன. அன்றைக்கு எழும்பிய அலையைப் பார்த்து நீ போட்ட சத்தம் இருக்கிறதே! "அரே, இன்னாடா அலை இது! மஸ்த்!" ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினாய், பாவி.

நான்கு சுவிட்சுகளுக்கும் பக்கத்தில் நான் வெள்ளைப் பெயிண்டில் தமிழில் எழுதினேன். நிரப்பு, வடி, நிரப்பு, வடி. "ஊரெல்லாம் இந்தியும் மராத்தியும்தான். நம்ம படகுலயாச்சும் தமிழ் இருக்கட்டும்டா" என்று பீற்றிக்கொண்டேன். நீ அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, "ரொம்ப அழகா கீதுடா" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சோம்பேறித்தனம் செய்திருந்தேன். வலப்பக்கத்தில் நிரப்பும் சுவிட்சு மேலே, வடிக்கும் சுவிட்சு கீழே. இடப்பக்கம் வயர் எட்டாததால் தலைகீழாக மாட்டிவிட்டேன். எழுதித்தான் இருக்கிறதே, என்ன போச்சு என்று நினைத்தேன்.

எப்போதும் நீ ஓட்டுவாய்; நான் பைகளை நிரப்பிவிட்டுப் பலகையில் இறங்குவேன், ஆடி முடித்ததும் படகில் ஏறி நானே வடிப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் பலகையில் இருந்தேன், நீ படகில் தனியாக. கரையில் உன் மனைவி, உன் கடைக்கு வருகிற நாலைந்து பேர். ஆட்டம் முடிந்ததும், "ரெண்டு பையையும் வடிச்சிட்டு வாடா" என்று கத்திவிட்டு நான் நீந்திக் கரையேறினேன். நீ இரண்டு பக்கமும் கீழ்ச் சுவிட்சைப் போட்டாய். வலது பை காலியானது. இடது பை நிறைந்தது நிறைந்தபடியே இருந்தது. திரும்பும்போது படகு இடப்பக்கம் சாய்ந்து, தண்ணீர் உள்ளே ஏறி, எஞ்சினோடு முழுகியது. நீ நீந்தி வந்துவிட்டாய்.

உனக்கு அடிபட்டதா என்று கேட்டேனா? இல்லை. "என்றா பண்ணிப்போட்டே? எழுதி வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? தற்குறியாடா நீ?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நீ சொட்டச் சொட்ட நின்றாய். "கை தவறிட்ச்சுடா" என்று மட்டும் சொன்னாய். உன் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அதோடு பேச்சு நின்றது. சில மாதத்தில் நான் வேலையை விட்டுக் கோயமுத்தூருக்கே வந்துவிட்டேன். மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. போனில் கூப்பிடலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதனால் கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம், நல்ல தமிழில். பதில் வரவில்லை. "போடா, உனக்கே அவ்வளவு திமிரென்றால் எனக்கும்தான்" என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். நாலு வருஷம்.

பிறகு உன் மனைவியிடமிருந்து போன் வந்தது. கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் புனே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் அவள் பீரோவிலிருந்து என் கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. "இதுல இன்னா எழுதியிருக்கீங்கண்ணா?"

எனக்குப் புரியவில்லை. "அவன் சொல்லலியாம்மா?"

"அவருக்குத் தமிழ் படிக்க வராதே. எனக்கும் வராது. நாங்க ரெண்டு பேரும் இந்தி ஸ்கூல்தானே. பேச மட்டும்தான் வரும். யார்கிட்டயாவது காட்டிப் படிக்கச் சொல்லுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன். 'திட்டித்தான் எழுதியிருப்பான், அது எனக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கட்டும்'னுட்டாரு. அப்பப்ப எடுத்துப் பிரிச்சி வச்சிக்கினு பாத்துக்கினு இருப்பாரு."

தற்குறி என்று நான் கத்திய வார்த்தை அப்போதுதான் எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லையே! உன் வாயில் தமிழ் அருவியாகக் கொட்டியதில் நான் ஏமாந்துவிட்டேன். நீ வெட்கப்பட்டு மறைத்துவிட்டாய்.

உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கடிதத்தை உரக்கப் படித்தேன். 'இடப்பக்கத்துச் சுவிட்சைத் தலைகீழாக மாட்டியது நான். யாராக இருந்தாலும் கீழ்ச் சுவிட்சைத்தான் போட்டிருப்பார்கள். தப்பு உன்மேல் இல்லை, என்மேல். உன்னை விட்டால் எனக்கு அங்கே யார் இருந்தார்கள்? மன்னித்துவிடு.'

உன் மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இவ்ளோதானா அண்ணா? இத போன்ல சொல்லியிருக்கலாமே" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. இன்றைக்கு நான் யாரிடம் தப்புச் செய்தாலும் நேரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, வாயால் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உள்ளவர்கள் சிரிக்கிறார்கள். உன்னிடம் மட்டும்தான் சொல்லாமலே போய்விட்டது.

இதையும் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு எதில் உன்னோடு பேச எனக்குத் தெரியும்? ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுகிறேன். கேட்குதாடா?