வலது பக்கம் ஓடிய முட்டை

அன்பு மகள் மெரியலுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் படகும் நலமாகத்தான் இருக்கிறோம், மூவரில் யார் கொஞ்சம் சாய்ந்திருக்கிறோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழி நீ வைக்கவில்லை, ஈஸ்டருக்கு வந்த அட்டைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. அந்த அட்டையிலும் ஆட்டுக்குட்டிப் படம்தான் பெரிதாக இருந்தது, நீ எழுதியது அதன் வாலளவுகூட இல்லை. போகட்டும், வேலை இருக்கும். இங்கே இந்தக் கோடையில் மழையே இல்லாமல் கால்வாயில் தண்ணீர் இறங்கிவிட்டது, மேல் மதகைத் திறக்க விடாமல் பாதி நாள் பூட்டு போடுகிறார்கள். வாத்து ஒன்று எங்கள் படகு வீட்டுக் கூரை மேல் இருக்கும் பூந்தொட்டியில் முட்டை வைத்து, என் ஜெரேனியத்தை மிதித்துத் துவைத்துவிட்டு, குஞ்சுகளோடு போயே போய்விட்டது, ஒரு நன்றி கிடையாது. பெற்று வளர்த்தவர்களுக்கே இல்லை, பூந்தொட்டிக்காரிக்கு எங்கிருந்து வரும்.

உன் அப்பாவுக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருக்கிறது. பஸ் டிப்போவை விட்டு வந்ததும் முதலில் தக்காளி வளர்த்தார், பிறகு அக்கார்டியன் வாங்கி வாசித்து அக்கம்பக்கத்துப் படகுகளையெல்லாம் இடம் மாறிப் போக வைத்தார், இப்போது ஈனாக் டிபெட்ஸின் சரித்திரம். ஈனாக்கை உனக்கு நினைவிருக்கும். மரக்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தனியாளாகக் கால்வாய்ப் படகு கட்டிக்கொண்டிருந்தாரே, இடது கால் குட்டையாகி இழுத்து இழுத்து நடப்பார், நீ சின்னப் பிள்ளையில் அவர் பின்னாலேயே அதே மாதிரி நொண்டிக்கொண்டு போய் என்னிடம் முதுகில் ஒன்று வாங்கினாய். அவர் கொட்டகையை மூடி ரொம்ப வருஷம் ஆகிறது. இந்த மாதக் கடைசியில் கார்ன்வாலில் இருக்கும் தங்கை மகள் வீட்டோடு போய்விடப் போகிறார், தனியாக இனிமேல் முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். கார்ன்வாலில் கடல் இருக்கிறதே என்று ஆறுதலாகச் சொன்னேன். அதற்கு அவர், “அது என்ன தண்ணி பெரில், சும்மா கிடந்து ஆடிட்டே இருக்கும், ஒரு இடத்துல நிக்கவே நிக்காது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போவதற்கு முன்னால் அவருக்கு ஒரே ஆசை. தான் கட்டிய முதல் படகில் ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும். அதற்குத் தன் மனைவி பேரைத்தான் வைத்திருந்தார், லாவினியா. அது கை மாறி, பேர் மாறி, எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இதை அவர் மதுக்கடையில் யாரையும் கேட்காமல் தன் கோப்பையிடம் சொல்லிக்கொண்டிருந்தார், உன் அப்பாதான் பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து போய், “நான் கண்டுபிடிச்சுத் தர்றேன் ஈனாக், நீங்க கவலைய விடுங்க” என்று கையடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஊரிலுள்ள அத்தனை பேரும் கேட்டார்கள், இனி பின்வாங்க முடியாது. அவருக்கு எப்போதும் வாய் முன்னே போகும், கால் பின்னால் போகும், நீயும் அந்த வகைதான், கோபித்துக்கொள்ளாதே.

ஈனாக்கின் படகுகளில் கட்டியவர் பேர் பொறித்த தகடும் கிடையாது, எண்ணும் கிடையாது. அடையாளம் ஒன்றே ஒன்று. மனிதருக்கு ரசமட்டத்தின் மேல் நம்பிக்கையில்லை. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் காற்றுக் குமிழிக்கு என்ன தெரியும் என்பார். தரைப் பலகை அடிக்கும்போது படகின் முன்பக்கம் பார்த்து நின்று, தன் இரண்டு காலுக்கும் சமமாகப் படும்வரை தட்டித் தட்டி உயர்த்துவார். அவர் காலோ ஒன்று குட்டை. ஆகவே அவர் கட்டிய ஒவ்வொரு படகிலும் தரை இடது பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்து வலது பக்கம் இறங்கியிருக்கும். வாங்கியவர்கள் பழகிக்கொள்வார்கள், அல்லது இடது பக்கம் அடியில் செங்கல் அடுக்கி அந்தப் பக்கத்தை அமுக்கி வைப்பார்கள். உன் அப்பா இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார். கோட்டுப் பையில் முட்டையைப் போட்டுக்கொண்டு கரையோடு நடந்து போய், சந்தேகப்பட்ட படகின் கதவைத் தட்டி, உங்கள் அடுப்பில் ஒரு முட்டை பொரித்துப் பார்க்கலாமா என்று கேட்பது. வாணலியில் முட்டை வலது பக்கம் ஓடினால் ஈனாக் கட்டியது. ஒரு சின்னப் பெண் இவரைப் பார்த்துப் போலீசைக் கூப்பிடப் போனாள். மற்றவர்கள் முட்டையோடு பேகனும் ரொட்டியும் சேர்த்துப் போட்டு அனுப்பினார்கள், ஆராய்ச்சி முடிவதற்குள் மனிதர் இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டி வந்தது.

ஆனால் கண்டுபிடித்தாரே, அதைச் சொல்ல வேண்டும். ஒரு படகு இப்போது மிதக்கும் முடிவெட்டும் கடையாக இருக்கிறது, மேஜை மேல் வைத்த சீப்பெல்லாம் சறுக்கி ஒரே மூலைக்குப் போகிறதென்று கடைக்காரருக்குப் பல வருஷமாகக் குழப்பமாம். இன்னொன்று தண்ணீரையே விட்டுவிட்டு ஒரு விவசாயியின் வயலில் கோழிக்கூடாகக் கிடக்கிறது, அங்கே சோதனைக்கு வாணலிகூட வேண்டியிருக்கவில்லை, கோழி இட்டதும் முட்டை தானாக உருண்டு வலது பக்கம் வந்து நிற்கிறது, அந்த விவசாயி அதை ஏதோ வசதிக்காகச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் புதிதாக வந்து கரையில் கட்டி நிறுத்தியிருக்கும் நைஜலின் படகும் ஈனாக்கினுடையதுதான். ஆனால் இவற்றில் ஒன்றும் லாவினியா இல்லை. முதல் படகுக்கு இரும்பு போதாமல் குட்டையாகக் கட்டினேன் என்று ஈனாக் சொல்லியிருந்தார், இவையெல்லாம் நெடுநெடுவென்று இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அப்பா போய், இது இல்லை என்று சொல்லும்போது அவர், “பரவால்லப்பா, தேடுனியே அதுவே போதும்” என்பார், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மாதக் கடைசி நெருங்கியது. உன் அப்பா ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழ ஆரம்பித்தார், எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் நைஜல் வந்து, சூப் தட்டில் ஒரு பக்கம்தான் நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டான். உன் அப்பாவுக்குத் தர்ம சிந்தனை பொங்கியது. “நம்ம படகுத் தரைக்கு அடியில வேண்டாத செங்கல் கிடக்குது, எடுத்துக்கோ” என்று தரைப் பலகையைத் தூக்கி, இருவருமாக ஒரு பகல் முழுக்கச் சுமந்துகொண்டு போய் அவன் படகின் இடது பக்கம் அடுக்கினார்கள். வேண்டாத செங்கல் எதற்காக அங்கே கிடக்கிறது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் முட்டை உடைத்து ஊற்றினேன். அது அமைதியாகக் கிளம்பி வலது பக்கம் போய் வாணலியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

நான் இன்னொரு முட்டையை ஊற்றினேன். அதுவும் முதல் முட்டையைத் தேடிக்கொண்டு போயிற்று. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் அடுப்பு சரியில்லை என்றார். பிறகு வாணலி நெளிந்திருக்கிறது என்றார். கடைசியில், “அந்தக் கோழியே சரியில்ல பெரில்” என்றார். நான், “முப்பது வருஷமா நம்ம படகு வெளியில பார்த்தா இடது பக்கம் சாயுதுன்னு கரையில போறவன் வர்றவன்லாம் சொன்னான், நீங்க கரைதான் சாயுதுன்னீங்க. நம்ம படகும் குட்டைதானே” என்றேன். மனிதர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். படகு வாங்கிய குளிர்காலத்தில் தரை சாய்கிறது என்று நான் புலம்ப, புதிதாக வைத்த கணப்பின் பாரம்தான் காரணம் என்று முடிவு கட்டி அவர்தான் அந்தச் செங்கல்லை அடுக்கினாராம், அடுக்கியதைச் சுத்தமாக மறந்தும் போனாராம். விற்றவன் இது வடக்கே பெரிய பட்டறையில் செய்தது என்று அளந்ததை நம்பி, ஈனாக்கிடமே எத்தனை தடவை, எங்கள் படகு உங்கள் படகு மாதிரி இல்லை, பட்டறைச் சரக்கு என்று பெருமையடித்திருக்கிறார் தெரியுமா. ஊரெல்லாம் முட்டை பொரித்தவர் தன் வீட்டு வாணலியை எட்டிப் பார்க்கவில்லை.

உறுதி செய்துகொள்ள உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இனி நான் சொல்வதைக் கேட்டுக் கண் கலங்காதே. தேய்க்க வேண்டிய இடம் படகின் பேர் எழுதிய இடம், அதாவது உன் பேர். நீ பிறந்த வாரம் சந்தோஷம் தாங்காமல் படகைத் தண்ணீரில் வைத்தபடியே பேரை மாற்றி எழுதினார், கரையேற்றாமல் பேர் மாற்றினால் அந்தப் பேருள்ளது நிலைக்காது, மிதந்து போய்விடும் என்று அன்றைக்கே எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நீ விமானம் ஏறிய அன்று எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. உன் பேரின் முதல் இரண்டு எழுத்து போயிற்று. அடியில் முந்தைய சொந்தக்காரன் எழுதிய கரீபியன் ராணி வந்தாள், அவளைத் தேய்த்ததும் அதற்கும் அடியில் வெளுத்துப்போன நீலத்தில் லாவினியா. உன் அப்பா அழுதார். நானும்தான். ஆனால் நான் அழுதது வேறு காரணம். ஈனாக் பழைய பேரைத் திருப்பி எழுதச் சொன்னால் எந்த வாயால் முடியாது என்பது. உன்னிடம் இருந்து இங்கே மிச்சம் இருப்பது அந்த எழுத்துகள்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைஜல் காரில் ஈனாக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆட்டிறைச்சிக் குழம்பும் பட்டாணியும் செய்து வைத்திருந்தேன். கரையில் ஒவ்வொரு அடிக்கும் தடியை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டுதான் வந்தார், பார்க்கிற எனக்கே இடுப்பு வலித்தது. பின்வாசல் வழியாக ஏற்றிவிட்டோம். உள்ளே காலை வைத்ததும் நின்றார். தடியை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு முன்பக்கம் பார்த்து நடந்தார் மெரியல், நேராக நடந்தார். நொண்டலே இல்லை. தோள் இரண்டும் சமமாக, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். பின்னால் போன நாங்கள் மூன்று பேரும்தான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தோம். “பார்த்தியா, இதுதாண்டா சமம். மத்த இடமெல்லாம்தான் கோணல்” என்று உன் அப்பாவிடம் சொன்னார். திரும்பி வரும்போது மட்டும் இரண்டு மடங்கு நொண்டியது, அதனால் முன்வாசல் வழியே இறங்கிக் கரையைச் சுற்றி வந்து மறுபடி பின்வாசலில் ஏறி நடந்தார். குழம்பு ஆறிப்போகும்வரை சுற்றிச் சுற்றி அதையே செய்தார், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு பேர் எழுதிய இடத்தில் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், “இவ பேரை மறுபடி எழுதிடாதப்பா. சமமான தரை உள்ள வீடு வேணும்னு சொல்லிட்டு ஒரு இன்சூரன்ஸ்காரனோட போனவ இவ. உங்க பொண்ணு பேரே இருக்கட்டும்” என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் உங்கள் பெண் இப்போது எங்கே என்று கேட்டார். நியூசிலாந்து என்றேன். “அவ்ளோ தூரமா. கடுதாசி போடுவாளா” என்றார். உன் அப்பா பட்டாணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான்தான், “மாசம் தவறாம போடுவா, பக்கம் பக்கமா எழுதுவா” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. “கொடுத்து வெச்சவங்க நீங்க. படிச்சிட்டு எனக்கும் அனுப்புங்க பெரில், அந்த ஊர்ல எனக்குப் பேச்சுத் துணை கிடையாது” என்றார். உன் அப்பா சரி என்று கையடித்தும் கொடுத்துவிட்டார்.

நீ நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு, வீடு பார்க்கிறீர்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார், பார்க்கப் போகும்போது பையில் ஒரு முட்டை எடுத்துக்கொண்டு போ. அக்டோபரில் படகைக் கரையேற்றி, போன இரண்டு எழுத்தையும் முறைப்படி எழுதப் போகிறார் அப்பா, இந்தத் தடவை மிதந்து போகாது. கடவுள் உங்கள் இருவரையும் எப்போதும் காப்பாற்றட்டும். ஈனாக் வியாழக்கிழமை கார்ன்வால் போய்ச் சேர்ந்துவிட்டார், நேற்று போனில் மெரியல் கடுதாசி வந்ததா என்று கேட்டார். தபாலில் தாமதம் என்றேன். அடுத்த தடவை சொல்ல என்னிடம் பொய் இல்லை. எழுது.

உன் அம்மா,
பெரில்
மெரியல் படகிலிருந்து