தந்தியில் வந்த அம்மா

பாபநாசம் மலை,
12-3-1944

பிரியமுள்ள அக்காவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை உங்கள் தந்தி கிடைத்தது. "மதர் அரைவ்ட்" என்று இருந்தது. கிருபையை உங்களிடம் விட்டுவந்திருக்கிறேன்; அவள் அப்பாவும் கப்பலில் போயிருக்கிற நேரத்தில், நாசரேத்திலிருந்து என் அம்மா வந்துவிட்டாள் என்று நிம்மதியானேன். "அம்மாவை அனுப்பிவிடாதீர்கள், நான் வரும்வரை இருக்கட்டும்" என்று தூத்துக்குடிக்குப் பதில் தந்தியும் கொடுத்தேன்.

இன்று அம்மாவின் கடிதம் வந்தது. மூட்டுவலியால் ஒரு மாதமாக நாசரேத்தை விட்டு நகரவில்லையாம்.

நீங்கள் யாரிடமோ, "வீட்டுக்கு அம்மா வந்திருக்கா" என்று சொல்லி எழுதச் சொல்லியிருப்பீர்கள். கிருபைக்கு அம்மை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டீர்களே. அவர் அதை அப்படியே இங்கிலீஷில் எழுதிவிட்டார்.

அம்மை குத்தும் வேலைக்காக இங்கே புறப்பட்ட அன்று கிருபை கையை நீட்டி, "எம்மா, எனக்குக் குத்தலியா?" என்று கேட்டாள். "சளி போகட்டும்ளா, வந்து குத்துதேன்" என்றேன். இங்கே நான் அ, ஆ சொல்லிக்கொடுக்கும் காணிக்கார மலைவாசிப் பிள்ளைகள் எல்லார் கையிலும் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது.

இனித் தந்தியை நம்பமாட்டேன். தபால்காரர் இப்போதே மலையிறங்குகிறார். மிச்சமுள்ள மருந்து நாளைக்குத் தாங்காது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த பதினோரு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் குத்திய கையோடு நானும் இறங்கிவிடுவேன்.

நீங்கள் வாசலில் வேப்பிலை செருகும்போதெல்லாம் சிரித்தவள் நான். என் ஜெபம் இருக்கட்டும். அக்கா, நீங்களே அந்த அம்மனிடம் சொல்லுங்கள்: நான் இருக்கச் சொன்னது அவளை இல்லை.

உங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி