உங்கள் ஸ்கூட்டருக்குக் கீழே ஐந்து குட்டிகள்

என்னங்க,

கல்யாணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி எவ்வளவு கெஞ்சினீர்கள்! எனக்கு நாக்கு வளையவே இல்லை. எழுதும்போதாவது வருமா என்று பார்த்தேன், வரவில்லை. அதனால் "என்னங்க" என்றே இருக்கட்டும்.

ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் வீட்டில் குட்டி போட்டிருந்தது. சிரிக்காதீர்கள், நாய்தான்.

சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவீர்கள் இல்லையா? யாருக்கு எந்த செக்‌ஷனுக்கு மாற்றல், கேன்டீனில் யார் யாரிடம் கோபித்துக்கொண்டார், எல்லாம். ஷூவைக் கழற்றுவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். நான் கேட்கிற ஆள், நீங்கள் சொல்கிற ஆள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது, நானும் பகலெல்லாம் உங்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று. இப்போதும் சேர்கிறது. இறக்கி வைக்க ஆள் இல்லை.

ஃபேக்டரி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகள் இரண்டும் ஏற்கெனவே காலி. நித்யா புனேயிலிருந்து தினமும் போன் செய்வாள். "அம்மா, தனியா என்ன பண்ணப் போற? இங்க வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு" என்பாள். நம் மகள் உங்களை மாதிரிதான், ஒன்று நினைத்துவிட்டால் முடிக்காமல் விடமாட்டாள். எனக்கு டிக்கெட் போட்டாள், சாமான்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தாள், உங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளவும் ஒருத்தரை ஏற்பாடு செய்தாள். நான் எல்லாவற்றுக்கும் "சரி" என்றேன். எதற்கும் "இல்லை" சொல்லத் தெம்பு இல்லாத நாட்கள் அவை.

ஸ்கூட்டரை எடுக்க அந்த ஆள் வந்த அன்று காலையிலிருந்து நல்ல மழை. பின்பக்க ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் தரைவரை தொங்கிக் கூடாரம் மாதிரி இருந்தது. அவர் ஒரு முனையைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஓர் உறுமல். மனிதர் "ஐயோ" என்று துள்ளிக் குதித்து என் பின்னால் வந்து நின்றார்.

குனிந்து பார்த்தேன். செம்மண் நிறத்தில் எலும்பும் தோலுமாக ஒரு நாய். அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஐந்து குட்டிகள். கண் திறக்காமல், ஈரம் காயாமல், எலிக்குஞ்சு மாதிரி. வண்டியைத் துடைக்க நீங்கள் போட்டு வைத்திருந்த பழைய பனியன் துணிகளையெல்லாம் இழுத்துப் பரப்பி, அதன்மேல்தான் பெற்றிருக்கிறது. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் குட்டி நனையும்.

"ஒரு கம்பு கொடுங்கம்மா, விரட்டிடலாம்" என்றார் வந்தவர்.

"வேணாம். வண்டி இப்போ இல்ல" என்று சொல்லிவிட்டேன். உங்களை வழியனுப்பிய பிறகு நான் சொன்ன முதல் "இல்லை" அதுதான் என்று நினைக்கிறேன்.

செவலை என்று பெயர் வைத்தேன். நம் சங்கரன்கோவில் பக்கம் அந்த நிறத்துக்கு வேறு என்ன சொல்வோம்? சோறு பிசைந்து வைத்தால், நான் சமையல்கட்டுக்குத் திரும்புகிறவரை தொடாது. கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பேன். நாலு வாய் விழுங்கும், ஓடிப்போய்க் குட்டிகளை முகரும், மறுபடி வந்து நாலு வாய். உட்கார்ந்து சாப்பிட அதற்கு நேரம் இல்லை. நித்யா கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அப்படித்தான் சாப்பிட்டேன், நீங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே நடந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

மழை விடவே இல்லை. ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, மரப்பலகையைச் செங்கல் மேல் வைத்து மேடை போட்டேன். செவலை ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேலே வைத்தது. எல்லாவற்றிலும் சின்னக் குட்டி மட்டும் மறுநாள் காலையில் அசையவில்லை. செவலை அதை நக்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் வரை நக்கியது. அப்புறம் தானாகவே அதை மூக்கால் என் பக்கம் தள்ளிவிட்டு மற்றக் குட்டிகளிடம் போய்ப் படுத்துக்கொண்டது. கொய்யா மரத்தடியில் புதைத்தேன். உள்ளே வந்து, குளித்து, அடுப்பு பற்றவைத்து, பிறகு ஏன் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நக்கினால் ஓர் உயிருக்குப் "போதும், விட்டுவிடலாம்" என்று தெரிகிறது? எனக்கு ஏன் இன்னும் தெரியவில்லை?

டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னபோது நித்யா அழுதுவிட்டாள். "ஒரு நாய்க்காகவாம்மா?" என்றாள்.

"நாய்க்காக இல்லடி."

"பின்ன எதுக்கு?"

குட்டிகளின் முனகல் அவளுக்கும் கேட்கட்டும் என்று போனை ஷெட் பக்கம் நீட்டினேன். கடைசியில், "குட்டி போட்டோ அனுப்பு" என்றாள்.

குட்டிகள் கண் திறந்து, தள்ளாடி நடக்கத் தொடங்கின. செவலை மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது. ஒருநாள் மத்தியானம் சோறு வைக்கப் போனேன், உறுமவில்லை. குளிர்காய்ச்சல் வந்தது மாதிரி உடம்பெல்லாம் நடுக்கம். நாலு கால்களும் கட்டை மாதிரி விறைத்திருந்தன. நாக்குத் தொங்க மூச்சு வாங்கியது, வாய் ஓரத்தில் நுரை. குட்டிகள் அப்போதும் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. அதுவரை ஒரு விரல்கூடத் தொட விட்டதில்லை. அன்றைக்குத் தலையில் கை வைத்தேன், கொதித்தது.

ஒரு பழைய போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஸ்டாண்டில் ஒரே ஆட்டோ. பருத்திப்பட்டு ஏழுமலை. மழைநாட்களில் உங்களை ஃபேக்டரியில் கொண்டுவிடுவாரே, அவர்தான்.

"இன்னாக்கா இது, வாயில நுரை தள்ளிகினு கீது? வெறி புட்ச்ச நாயா இருக்கப்போவுது. கட்ச்சி வச்சா யாரு பதில் சொல்றது?"

"குட்டி போட்ட நாய் ஏழுமலை. பால் குடுத்துக் குடுத்து இப்படி ஆயிடுச்சு. நாலு குட்டி இருக்கு வீட்ல. தயவுசெஞ்சு..."

அவர் என்னைப் பார்த்தார். தன் காக்கிச் சட்டையைக் கழற்றி நாயின் தலைமாட்டில் சுருட்டி வைத்தார். "ஏறுக்கா. அண்ணன் இருந்தா என்னாண்டதான் சொல்லியிருப்பாரு" என்று வண்டியைக் கிளப்பினார்.

பூந்தமல்லி போகிற சாலையில் ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார், பெண் டாக்டர். வழியெல்லாம் மெட்ரோவுக்காகத் தடுப்பு, ஒரே நெரிசல். பனியனோடு ஏழுமலை ஹாரனை அடித்தபடியே போனார். செவலையின் தலை என் மடியில் இருந்தது. கண் என்னையே பார்த்தது. "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அது நெஞ்சில் வந்து மோதியது. உங்களுக்கு இதை நான் சொல்லவே இல்லையே! நீங்கள் வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்தீர்கள். யார் யாரோ உங்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். யாரோ ஒருத்தர் மடியில் உங்கள் தலை இருந்திருக்கும். "கொஞ்சம் உடம்பு சரியில்லைங்க, வாங்க" என்று எனக்கு ஆள் வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது முகம்வரை வெள்ளைத்துணி. உங்களோடு அந்த வண்டியில் ஏற எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. வழியில் உங்களுக்கு நினைவு இருந்ததா? கண் திறந்தீர்களா? என்னைத் தேடினீர்களா? யாரைக் கேட்டாலும் "கஷ்டப்படலம்மா" என்றுதான் சொல்கிறார்கள். நான் கேட்டது அதுவா?

ஆட்டோவுக்குள் வாய்விட்டு அழுதேன். நாய்க்காக அழுகிறேன் என்று ஏழுமலை நினைத்திருப்பார். "பயப்படாதக்கா, பொயச்சிக்கும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

டாக்டரம்மா பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். "உடம்புல இருந்த கால்சியம் எல்லாம் பாலாப் போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்." காலில் ஊசி குத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஒரு கையால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து இதயத்தைக் கேட்டுக்கொண்டே, அவசரப்படாமல் ஏற்றினார். நான் தலையைப் பிடித்திருந்தேன். என் உள்ளங்கைக்குள் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது தெரிந்தது. விறைத்த கால்கள் தளர்ந்தன. மூச்சு நிதானமானது. பிறகு செவலை எச்சில் விழுங்கி, என் மணிக்கட்டை நக்கியது. ஒரே ஒரு தடவை.

வாசலில் நின்ற ஏழுமலை, "பாத்தியாக்கா!" என்று பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒருநாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடம் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். குட்டிகளுக்கென்று ஒரு பால் பவுடர் கொடுத்தார். "குழந்தை மாதிரி மல்லாத்திப் போட்டுக் குடுக்காதீங்க, பால் நுரையீரலுக்குப் போயிடும். குப்புறப் படுத்த வாக்குல குடுங்க" என்றார். நம் கூடத்தில் துண்டை விரித்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒவ்வொன்றுக்கும் புகட்டினேன். ஒன்று குடிக்கும்போது மற்ற மூன்றும் என் புடவைக்குள் புகுந்து கத்தின. அறைக்குள்ளிருந்து செவலை பதில் கொடுத்தது. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூப்பாடு. ஒரு கதவுதான், ஆனால் அவற்றுக்கு அது தெரியாதே. நான் இரண்டு பக்கமும் போய்ப் போய்ச் சொன்னேன், "நாளைக்குப் பார்த்துடலாம், நாளைக்குப் பார்த்துடலாம்" என்று. அப்படிச் சொல்ல எனக்கும் யாராவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மறுநாள் கதவைத் திறந்தபோது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழுதத் தெரியவில்லை எனக்கு.

அடுத்த நாட்களில் நாயைப் பார்க்க ஏழுமலை அடிக்கடி வந்தார். நான் புனே போகப்போகிறேனா என்று கேட்டார். போக மனசில்லை, ஆனால் நாயோடு யார் வீடு கொடுப்பார்கள் என்றேன். அடுத்த வாரமே அவருடைய அண்ணி அம்சாவை அழைத்து வந்துவிட்டார். பருத்திப்பட்டில் பரம்பரையாக இருக்கிற குடும்பம். பயிர் வைத்தவர்கள், இப்போது ஆளுக்கொரு வேலை. வீட்டின் பின்பக்கம் ஒரு போர்ஷன் சும்மா கிடக்கிறதாம்.

"நாயி இருக்கும்மா, பரவாயில்லையா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"இன்னாக்கா, மாடு கட்னு இருந்த ஊடு அது. நாயி இன்னா பெரிசா?" என்றார் அம்சா. அவ்வளவுதான், முடிந்தது.

குட்டிகளில் ஒன்று ஏழுமலையின் ஆட்டோ ஸ்டாண்டில் ராஜா மாதிரி இருக்கிறது. இரண்டைக் குவார்ட்டர்ஸ் குடும்பங்களே கேட்டு வாங்கிக்கொண்டன. ஒரு பெண்குட்டி மட்டும் தாயோடு. செவலைக்குக் கருத்தடையும் செய்தாயிற்று. இனி அந்தக் கஷ்டம் அதற்கு இல்லை. நித்யா விடுமுறைக்கு வந்து, வீடு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "இப்பதாம்மா உன் குரல் பழையபடி இருக்கு" என்றாள்.

நேற்று ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அம்சா மொட்டைமாடியில் வற்றல் காயப்போடப் போயிருந்தார். படிக்கட்டடியில் அவர் விட்டிருந்த செருப்பில் ஒன்றைக் குட்டி கவ்விக்கொண்டு ஓடியது. அவர் இறங்கி வந்து ஒற்றைச் செருப்போடு "ஏய்! ஏய்!" என்று துரத்துகிறார். அது கிணற்றடியைச் சுற்றுகிறது. செவலை, விளையாடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அம்சாவுக்குப் பின்னால் ஓடுகிறது. மூன்று பேரும் சுற்றிச் சுற்றி ஓட, கடைசியில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தேன்.

திடீரென்று பயந்துபோனேன். யாருடைய சத்தம் இது என்று இருந்தது. கை தானாக வாயைப் பொத்தியது. உங்களை விட்டு ஒரு அடி தள்ளிப் போய்விட்டேனோ என்று தோன்றியது. அதே நேரம், பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா என்று. வெறும் சுவர்தான் இருந்தது. எத்தனை மாதம் ஆனாலும் கழுத்து அந்தப் பக்கமே திரும்புகிறதே, இதை என்ன செய்வது?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் சிரிப்பு வந்தால் வாயைப் பொத்த மாட்டேன். திரும்பிப் பார்ப்பதையும் நிறுத்த மாட்டேன். சிரித்து முடித்து அழுகை வந்தால், அதுவும் வரட்டும். இரண்டும் உங்களுக்கு உரியதுதான்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
நித்யாவின் அம்மா,
கோமதி