மாரடித்து அழ ஒரு லத்தீன் சொல்

காலை ஷிப்ட் பஸ் மண்ணூரைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுப் பெண் நெற்றியில் தைலம் தேய்த்தாள். உன் வாசனை. நீ போய் வருஷம் ஒன்று ஆகியும், நீதானோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தோம். கன்னியர் மடத்தில் சேர்ந்து, பாதியில் வெளியே வந்து, என்னோடு கம்பெனி லைனில் வேலைக்கு நின்றவள் நீ. மடத்தில் படித்த லத்தீன் மட்டும் உன்னை விடவில்லை. என் அம்மா சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுகிறவள் என்பதை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். லைனில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அழுதேன். நீ சிரித்தாய்.

"இதுல இன்னாடி கேவலம்? லத்தீன்லயே அதுக்குப் பேரு கீது. பிளாங்க்துஸ். அடிக்கிறதுன்னு ஒரு வினைச்சொல், அதுலேர்ந்து வந்த பெயர்ச்சொல். மாரடிச்சி அழுவறதுன்னு அர்த்தம். ஒருத்தி அழுதா பிளாங்க்துஸ், நாலு பேரு அழுதா பிளாங்க்தூஸ். கடைசியில கொஞ்சம் நீளும், அவ்ளோதான்."

நோயில் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நான் போனா நீ பாடணும். கம்முனு அனுப்பிடாதடி." சரி என்றேன்.

நீ போன அன்று இருங்காட்டுக்கோட்டையில் உன் வீட்டுக்கு யூனிஃபார்மோடு வந்தேன். நம் லைன் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உன் அண்ணன், "ஜெபமாலை மட்டும் சொல்லுங்க. ஒப்பாரியெல்லாம் வாணாம், நாலு பேரு இன்னா நெனப்பாங்க" என்றார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன் பார், அதற்கு என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

ஜெபமாலை முடிந்தது. எழுந்தேன்.

"அண்ணே, அவ கேட்டுக்கினா."

அவர் பதில் சொல்வதற்குள் குரலெடுத்தேன். மடத்தை விட்டு வந்தவள் என்று ஊர் உன்னைப் பேசியது, நீ நிமிர்ந்தே நடந்தது, எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாடினேன். என் அம்மாவின் ராக இழுப்பு அப்படியே என் தொண்டையில் வந்தது. முதலில் உன் அம்மா மாரில் அடித்துக்கொண்டார். பிறகு லைன் பெண்கள். கடைசியில் உன் அண்ணனே சுவரோரம் சரிந்து, வாய்விட்டு அழுதார். ஜெயித்துவிட்டோமடி. சாவு வீட்டில் இப்படி நினைக்கலாமோ கூடாதோ, எனக்கு அன்று அப்படித்தான் இருந்தது.

இப்போது அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால் அம்மாவோடு என்னையும் கூப்பிடுகிறார்கள். நேற்றும் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. இதுவரை லீவு கேட்கும்போதெல்லாம் காய்ச்சல் என்றே எழுதியவள், நேற்று காரணம் என்ற இடத்தில் 'ஒப்பாரி பாடப் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.