செத்த குஞ்சுக்குச் சாட்சி

ராட்சச வருஷம், பங்குனி 4

கத்தரிக்குப் பாத்தி கட்டினோம். மூக்கம்மாள் மண்ணை வெட்டினாள். பாத்தி கோணலாகப் போகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போடிச் சந்தையில் மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு மம்பட்டி பிடித்தால் உள்ளங்கை கொப்பளிக்கும். என் பெண்சாதி இதை நம்புவதில்லை.

வெயில் தாழ்ந்ததும் மச்சினன் ஜக்கையன் வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தோட்டம். அப்பன் நிலத்தைப் பாகம் பிரித்த அன்றைக்கு முறிந்தது அக்கா தம்பி பேச்சு. இந்தப் பொங்கலுக்குத்தான் ஒட்டியது. ஒட்டியது நிற்க வேண்டுமென்று கையில் ஒரு பஞ்சாரம். உள்ளே சிவப்புக் கோழியும், அப்போதுதான் பொரித்த ஒன்பது குஞ்சும்.

வாரத்துக்கு விடுகிறான். கோழி அவனுடையது, தீனியும் காவலும் எங்களுடையது, தேறும் குஞ்சில் சரிபாதி. செத்துப்போனால் குஞ்சின் காலையாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாங்கள் தின்றுவிட்டோம் என்று அர்த்தம். இந்தப் பக்கத்து வழக்கம் அப்படி.

"பத்திரமாப் பாத்துக்கக்கா. சித்திரை பொறந்தா நான் ஏலமலைக்குக் கூலிக்கு ஏறிருவேன்" என்றான்.

"ஒங்க மாமன் கண்ணுல படாம வச்சாலே பாதி தேறிரும்" என்றாள்.

எனக்கு வந்த மரியாதை இவ்வளவுதான்.

பங்குனி 7

கீரி வந்து ஒரு குஞ்சின் கழுத்தைக் கடித்துப் போட்டது. மூக்கம்மாள் உலக்கையோடு பாய்ந்தாள். கீரியின் மண்டை எங்கே முடிந்தது, பாத்தி எங்கே தொடங்கியது என்று பிறகு பிரிக்க முடியவில்லை. எருவுக்கு ஆயிற்று. குஞ்சின் காலைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஜக்கையன் தலையாட்டினான்.

பங்குனி 9

பருந்து. குஞ்சு காலோடு மேலே போய்விட்டது. "சாட்சிக்கு வானத்தைக் காட்டவா மாப்ளே?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "போனது போகட்டும். அடுத்ததுக்குக் காலு வேணும் மாமா."

என்னைக் கோழி தின்னி என்கிறானா? என் வயிற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றும்தான்.

பங்குனி 12

பூசணிக் குழி தோண்டும்போது சாரைப்பாம்பு அகப்பட்டது. வயிறு இரண்டு இடத்தில் புடைத்திருந்தது. மூக்கம்மாள் அரிவாளால் தலையைத் துண்டித்து, வயிற்றைக் கிழித்து, நனைந்த துணி போலக் கிடந்த இரண்டு குஞ்சுகளை வெளியே எடுத்தாள். உடம்பு அப்போதும் நெளிந்துகொண்டிருந்தது. நான் குழிக்குள் வாந்தி எடுத்தேன். "அந்தக் குழியில விதை நல்லா மொளைக்கும்" என்றாள்.

சாட்சி கேட்டானல்லவா? நாளை விடியலில் ஒரு வேடிக்கை செய்யப்போகிறேன். வாழையிலைத் துண்டில் நாலு காலையும் வரிசையாக வைத்து, ஓரத்தில் உப்பு, ஒரு காய்ந்த மிளகாய். விருந்துச் சாப்பாடு மாதிரி அவன் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியது. நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

பங்குனி 13

எழுதித்தான் ஆக வேண்டும்.

வாசல் தெளிக்க வந்த ராக்கு — ஜக்கையன் பெண்சாதி, எட்டு மாசம் — இருட்டில் அந்த இலையை மிதித்திருக்கிறாள். உப்பு, மிளகாய், பறவைக் கால். பார்க்கிறவர்களுக்கு அது விருந்தா? செய்வினை! இந்த மண்டைக்கு ஏன் அது உறைக்கவில்லை?

வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தான். பஞ்சாரத்தை உதைத்தான். சிதறிய குஞ்சுகளில் இரண்டு அவன் காலடியிலேயே நசுங்கின. தாய்க்கோழி அவன் முகத்தில் பாய்ந்தது. பிடித்துக் கழுத்தைத் திருகி எறிந்தான்.

"ஒனக்கில்லேன்னா எனக்கும் இல்லாமப் போகணுமா? மலட்டு முண்டை!"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எதை வைத்தும் கேலி பேசுகிற நான், அதை வைத்து மட்டும் பேசியதில்லை.

மூக்கம்மாள் முள் வெட்டிக்கொண்டிருந்தாள். அரிவாள் கையிலேயே இருந்தது. கழுத்துக்குத்தான் வீசினாள். அவன் வலக்கையைக் குறுக்கே கொடுத்தான். கத்தரிப் பாத்தியில் இரண்டு விரல் விழுந்தது. ஒரு குஞ்சு ஓடிவந்து அதைக் கொத்திப் பார்த்தது.

"நாந்தாம் மாப்ளே வச்சேன், வேடிக்கைக்கு வச்சேன்" என்று அப்போதுதான் கத்தினேன். ஒரு மூச்சு முந்திக் கத்தியிருக்கக் கூடாதா?

பங்குனி 14

மூக்கம்மாள் என்னை அடித்தாள். வெறும் கைதான். அதற்கே ஒரு பல் ஆடுகிறது. ஆடட்டும்.

பங்குனி 15

தலையாரி சொல்லி மணியக்காரர் வந்துவிட்டார். இந்தத் தெருவில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே வாக்குமூலம் எழுதச் சொன்னார். எத்தனை வெட்டுக்குத்துக்கு மனு எழுதியிருக்கிறேன்! இன்றைக்கு என் வீட்டு வெட்டு.

ஜக்கையன் காய்ச்சலில் கிடந்தான். தலைமாட்டில் ராக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"வெட்டுனது ஒன் அக்காதானே? சொல்லு. பெரியகொளத்துக்கு அனுப்பி உள்ள வச்சிருவோம்" என்றார் மணியக்காரர்.

அவன் கூரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் பேனா மையில் முங்கியபடி நின்றது.

"எழுதிக்கங்க மாமா. வேலிக்கு முள்ளு வெட்டயில எங்கைய நானே வெட்டிக்கிட்டேன்."

"ஏலே, வலக்கைய வலக்கையாலயா வெட்டுனே?"

"நான் எடக்கைக்காரங்கய்யா."

"எப்ப இருந்து?"

"முந்தாநாள்ல இருந்து."

மணியக்காரர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். "எழுதிக்கய்யா" என்றார்.

எழுந்து வரும்போது ஜக்கையன் என்னிடம் மட்டும் சொன்னான்: "செயிலுக்குத்தான் அனுப்பலை. இந்த வாசப்படிய ஒங்க வீட்டு ஆளு மிதிக்கக் கூடாது."

பங்குனி 22

புண் அழுகிவிட்டது. வைத்தியன் மூன்றாவது விரலையும் எடுத்து, கொதிக்கிற வேப்பெண்ணெயில் கையை முக்கினான். அந்த அலறல் மலையில் முட்டித் திரும்பி வந்தது. மூக்கம்மாள் வேலியோரம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போக முடியாது.

தப்பிப்பானா?

நள வருஷம், சித்திரை 2

வருஷம் பிறந்தது. காய்ச்சல் இறங்கியது. மிச்சம் மூன்று குஞ்சு, தாயில்லாமல் என் மடியில் வந்து ஏறுகின்றன. என்னைக் கோழி என்று நினைத்துவிட்டன போலும். சந்தைக்கும் பின்னாலேயே வருகின்றன.

ஜக்கையனால் மலைக்குப் போக முடியாது. மம்பட்டி பிடிக்கவும் முடியாது. அவன் நாற்று நாற்றங்காலிலேயே முற்றுகிறது.

சித்திரை 4

மூக்கம்மாள் வேலிச் சந்து வழியாகப் போய் அவன் தோட்டத்தில் மிளகாய் நாற்று நடுகிறாள். தோட்டம்தானே, வாசப்படி இல்லையே என்கிறாள். ஜக்கையன் வாசலில் உட்கார்ந்து பார்க்கிறான். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

சித்திரை 5

இன்றும் நட்டாள்.

சித்திரை 11

உச்சிப்பொழுது. ஆலங்கட்டி மழை கத்தரிச் செடிகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் வேலிப்பக்கம் ஒரு குரல்.

"அக்கா! அக்கோவ்! ராக்குக்கு நோவு கண்டிருச்சு. வெரசா வா!"

மூக்கம்மாள் சேறு காலோடு ஓடினாள். வாசப்படியில் நின்றாள். ஜக்கையன் துணி சுற்றிய கையை அவள் முதுகில் வைத்து உள்ளே தள்ளினான்.

மழை விட்டு வெகு நேரமாகிறது. அங்கே பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது. நான் போகவில்லை, என்னை யாரும் கூப்பிடவில்லை. கஞ்சி காய்ச்சினேன், கருகிவிட்டது. குஞ்சுகள் தின்கின்றன. மூக்கம்மாள் இன்னும் வரவில்லை.