செல்லூரிலிருந்து ஒரு புகார்

திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை மூட்டம் போட்டுவிட்டு ஏமாற்றியது. ஆஸ்பத்திரியில் வழக்கம்போல் என் மேசைக்கு முற்பகலில் புகார்கள்; பிற்பகலில், பிரசவமாகி வீட்டுக்குப் போனவர்களுக்கு நலம் விசாரித்துப் போன். கேன்டீன் சாம்பாரில் உப்பு அதிகம். லிஃப்ட் நின்றது. அப்புறம் செல்லூர் கார்த்திக். மனைவி மகேஸ்வரிக்கு இங்கேதான் சிசேரியன், முதல் குழந்தை, பெண். சனிக்கிழமைதான் வீட்டுக்குப் போனார்கள். வந்ததும் மேசையைத் தட்டினார்.

"ஒங்க நர்ஸு எம் பொண்டாட்டியக் கண்டபடி வஞ்சிருக்கு. வீட்டுக்கு வந்தும் அழுதுக்கிட்டே கெடக்கா. அந்தம்மா மன்னிப்புக் கேக்கணும்."

வார்டு நர்ஸ் செல்வியைக் கூப்பிட்டேன். "எந்திரிச்சுக் கொஞ்சம் நடம்மான்னுதான்க்கா சொன்னேன்." சொல்லும்போதே கண் கலங்கியது. யாரை நம்ப? மேனேஜருக்குப் புகார் எப்படியாவது முடிந்தால் போதும். தலைவலி.

செவ்வாய்

மகேஸ்வரிக்குப் போன். கணவர்தான் எடுத்தார். "தூங்குறாக்கா." பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யார் தூங்குவார்?

பழங்காநத்தம் பஸ்ஸில் நின்றபடியே வீடு. மாவு தீர்ந்துவிட்டது. தயிர்சாதம். காதில் இன்னும் அந்த அழுகை.

புதன்

நல்ல மழை. மறுபடி போன். இந்த முறை அவளே எடுத்தாள். தையல்? "பரவால்ல." காய்ச்சல்? "இல்லக்கா." பால்? "குடிக்குது." எல்லாம் ஒரே குரலில். நர்ஸ் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவங்க வையலக்கா. எதுக்கு அழுகுறன்னு இவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கே தெரியல. அதான் அவங்க பேரச் சொல்லிட்டேன்."

பிறகு மெதுவாக: "பிள்ளையத் தூக்கவே பயமா இருக்கு. நான் இல்லாட்டி அது நல்லா இருக்கும்னு தோணுது."

செத்துப் போகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டேன்.

"சில நேரம்."

கணவரிடம் கொடுக்கச் சொன்னேன். "பிள்ள பெத்தவ அழுகுறது சகஜந்தானக்கா?"

"தம்பி, காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடி வருவீங்கல்ல? இதுவும் அப்படித்தான். இப்பவே வாங்க. அவள ஒத்தையில விடாதீங்க."

ஆட்டோவில் நனைந்துகொண்டே வந்தார்கள். டாக்டர் பார்த்தார். மனநல டாக்டரையும் வரவழைத்தார். அட்மிஷன். குழந்தையைக் கை நீட்டி வாங்கியது செல்வி. நர்ஸ் வையவில்லை என்று ஆட்டோவில் மகேஸ்வரி சொல்லியிருந்தாளாம்; கார்த்திக் செல்வியிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"மொதல்ல அவங்களப் பாருங்கண்ணே" என்றாள் செல்வி.

வியாழன்

அடித்துப் போட்டதுபோல் உடம்பு. கால் வீக்கம். வார்டை எட்டிப் பார்த்தேன். மகேஸ்வரி அயர்ந்த தூக்கம். பக்கத்தில் கார்த்திக், குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்தபடி.

"ஏன்டி அழுகுறன்னு அதட்டிக்கிட்டே இருந்தேன்க்கா. கேக்குற மாதிரி ஒரு தடவகூடக் கேக்கல."

குழந்தையின் கழுத்துக்கு அடியில் கை கொடுங்கள் என்று சொன்னேன். கொடுத்தார்.