ஒற்றைக்காலில் நின்ற உள்ளான்

திம்புள்ள,
15.3.1978

அன்பு மகள் டோரீனுக்கு,

நானும் அப்பாவும் சுகம், காலைக் குளிர் ஒன்றுதான் குறை. நீயும் திருச்சி வெயிலோடு சமாதானமாகிப் படிப்பில் கவனமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் தோட்டத்து மத்தியாஸ் கிளாக்கர் உன்னைப் பெண் கேட்டு ஆள் விட்டதிலிருந்து அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. நீ காலைத் தாங்கி நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இதற்குமேல் என்ன வேண்டும் என்றார். ஈஸ்டருக்குள் பதில் வேண்டுமாம். ஆள் எப்படி என்று பார்ப்போம் என்றுதான் சனிக்கிழமை நானும் அப்பாவும் அவர் கூட்டிப்போன கோயில் ஆட்களோடு நீர்கொழும்புக்கு பஸ் ஏறினோம்.

செபம் முடிந்ததும் மத்தியாஸ் எங்களைக் கடற்கரையோரம் பறவை பார்க்க நடத்திப் போனார். ஊருக்குப் போன வெள்ளைத் துரை விற்ற பைனாகுலர் கழுத்தில், துரையைப் போலவே அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்த மேசுக் காலுறையும். பைனாகுலரை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. வடக்கே திரும்புமுன் ஈர மணலில் உள்ளான்கள் கூட்டமாக இரை பொறுக்கின, பார்த்துக்கொண்டே நிற்கலாம். தினம் காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்களை எண்ணிப் பழகியவருக்கு அது போதுமா? கைதட்டி, சிப்பி எறிந்து, கெளப்பிவிட்டாத்தாங்க டீச்சர் கணக்கு சரியா வரும் என்றார். நம் லயத்து அழகம்மா, பிந்தி எழும்புற குருவிக்கு அரை நாள் சம்பளந்தானுங்களா கிளாக்கரய்யா என்று கேட்டாள். குருவிக்கு ஏது சம்பளம் என்று மனிதர் விளக்கம் சொன்னார்!

ஒன்று மட்டும் ஒற்றைக்காலில் நின்றபடி எழும்பவில்லை. அப்பா அதைக் காட்டினார். அது நொண்டிங்க, கணக்குல சேராது, விடுங்க என்றார் மத்தியாஸ். உன் அப்பாவிடம், என் முன்னால். சொன்னது இன்னதென்று அவருக்கு உறைக்கவும் இல்லை. அவர் நகர்ந்ததும் அந்தப் பறவை வயிற்றோடு மடக்கியிருந்த மறு காலை இறக்கி, சோம்பல் முறித்து, நிதானமாக நடந்து போயிற்று. களைப்பாற அவை அப்படி நிற்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். துரை பைனாகுலரோடு அந்தப் புத்தகத்தை விற்கவில்லை போலும்.

திரும்பும்போது கினிகத்தேனையில் அப்பா என் பக்கம் திரும்பினார். நீயே சொல்லிடு மார்கிரட் என்றார். மறுநாள் பூசை முடிந்ததும், சம்பந்தம் வேண்டாம் என்று மத்தியாஸிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அந்தப் பறவைதான் என்றேன். எந்தப் பறவைங்க டீச்சர் என்றார். விளக்க எனக்கு மனமில்லை. உன்னைக் கேட்காமல் சொன்னதில் கோபமிருந்தால் ஒளிக்காமல் எழுது.

மாதா உன் கூடவே நடக்கட்டும். இடது செருப்பில் உயரத்துக்கு வைத்த கட்டை தேய்ந்திருக்கும், மறக்காமல் மாற்றிக்கொள். நிறைய நட.

உன் அம்மா,
மார்கிரட்